ஆய்வுகூடத்திலிருந்து புதுக்கடைக்கு: அரச சட்டவாதியாக விரும்பும் விஞ்ஞானப் பட்டதாரிக்கு

உயர்தரத்தில் கணிதப் பிரிவையோ உயிரியற் பிரிவையோ எடுத்த பிள்ளைக்கு வைத்தியர், பொறியியலாளர் என இரண்டு வாசல்களே திறந்திருக்கின்றன என்று யாழ்ப்பாணத்து வீடுகளில் நினைப்பதும், அவ்விரண்டும் தவறி விஞ்ஞான பீடத்துக்குப் போன பிள்ளை கடைசியில் ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருக்கும் என்று அயலார் முடிவுகட்டுவதும் வழமை. இரசாயனவியலில் பட்டம் பெற்று, மூன்று வருடம் மாணவர்களுக்கு, கரைசலின் செறிவை அளந்தறியும் நியமிப்புப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிட்டு, சட்டம் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, "இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சதைக் கடலிலை கொட்டப்போறியோ மோனை?" என்று அம்மம்மா கேட்டார். சில ஆண்டுகள் அரச தரப்பில் நின்று வழக்கு நடத்திவிட்டு இப்போது தனியே தொழில் செய்கிறேன். அவருடைய கேள்வியை இன்று என்னிடம் கேட்டு வருகின்ற இளையவர்களுக்காக, போன வழியை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

இந்த வழி புதியதன்று என்பதை முதலில் வீட்டாருக்குச் சொல்லுங்கள். தந்தை செல்வா எனப்படும் சா. ஜே. வே. செல்வநாயகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டதாரி. கொழும்பில் பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டே சட்டக் கல்லூரியில் படித்து 1923இல் அப்புக்காத்து ஆனவர். அவருடைய அரசியற் போட்டியாளரான ஜீ. ஜீ. பொன்னம்பலம் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்து, லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராகித் திரும்பியவர். சட்டத்துறையில் அரச பக்கம் நின்றவர்களுக்கும் குறைவில்லை. பொன்னம்பலம் இராமநாதன் 1892இல் சொலிசிட்டர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். சிவா பசுபதி 1975 முதல் 1988 வரை சட்டமா அதிபராக இருந்தார்.

முதலாவது படி: எந்தக் கதிரையைக் குறிவைக்கிறீர்கள் என்று தெளிதல்

"அரசாங்க வக்கீல்" என்று ஊரில் பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் பல வேறு பதவிகள் அடங்கியிருக்கின்றன. சட்டமா அதிபர் திணைக்களத்தில் ஆரம்ப நிலையில் சேர்பவர் அரச சட்டவாதி. அங்கிருந்து சிரேஷ்ட அரச சட்டவாதி, பிரதி மன்றாடியார் அதிபதி (பிரதி சொலிசிட்டர் ஜெனரல்), மேலதிக மன்றாடியார் அதிபதி என ஏணி மேலே போகிறது. இத்திணைக்களமே மேல் நீதிமன்றங்களில் குற்றப்பகர்வுப் பத்திரம் தாக்கல் செய்து வழக்கை நடத்துகிறது. அரசுக்கு எதிரான குடியியல் வழக்குகளிலும் எழுத்தாணை (ரிட்) மனுக்களிலும் அடிப்படை உரிமை மனுக்களிலும் அரசுக்காகத் தோன்றுவதும் அதுவே. சட்டங்களை எழுதுவது சட்டவரைஞர் திணைக்களம். அமைச்சுகளிலும் அதிகார சபைகளிலும் சட்ட உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றவர்களுக்காக வழக்காடுகிறது. இலஞ்ச ஊழல் வழக்குகளைத் தொடர்வதற்கு ஆணைக்குழு வேறாக உண்டு.

நீதிமன்றத்தில் எழுந்து பேசுவதில் விருப்பமில்லாத, ஆனால் சொல்லின் துல்லியத்தில் இன்பம் காண்கிற விஞ்ஞானப் பட்டதாரிக்குச் சட்டவரைஞர் திணைக்களம் மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம். அப்படியொரு இடம் இருப்பதே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. மிகுதிக் கட்டுரை அரச சட்டவாதியைப் பற்றியது.

இரண்டாவது படி: சட்டத்தரணியாவதற்கான இரு பாதைகள்

இலங்கைச் சட்டத்தொழிலில் இருந்த அப்புக்காத்து, பிரக்கிராசி என்னும் பழைய பிரிவுகள் 1974இன் தொடக்கத்துடன் ஒழிந்து, சட்டத்தரணி என்னும் ஒரே வகுப்பு வந்தது. அந்தப் பெயரைப் பெறவேண்டுமானால் எவரும் கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கை சட்டக் கல்லூரியைக் கடந்தே ஆகவேண்டும். 1874இல் தொடங்கிய நிறுவனம் அது.

முதற் பாதை, நுழைவுப் பரீட்சை எழுதி நேரே சேர்வது. மொழி ஒரு தாள், பொது அறிவு ஒரு தாள். உயர்தரத்தில் எந்தப் பிரிவில் படித்தீர்கள் என்பது தடையாக வராது. ஆனால் சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கும் தாய்மொழிக்கும் பெற்ற சித்தியின் தரம் பார்க்கப்படும் என்பதால், பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய பெறுபேற்றுத் தாளை இன்றே எடுத்துப் பாருங்கள். விஞ்ஞானம் படித்தவர்கள் தடுக்கி விழுவது மொழித் தாளில்தான். பத்து வருடமாகச் சமன்பாடும் வரைபும் எழுதிய கை ஒரு பந்தியைச் சுருக்கி எழுதத் தெரியாமல் நடுங்கும். என் கை நடுங்கியது. நாள்தோறும் பத்திரிகை ஆசிரியத் தலையங்கம் ஒன்றை எடுத்து மூன்றிலொரு பங்காகச் சுருக்கி எழுதிப் பழகியது ஒன்றே எனக்கு உதவிய பயிற்சி.

இரண்டாவது பாதை, முதலில் சட்டமாணிப் பட்டம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் உள்வாரியாகச் சட்டம் படிக்கலாம் என்றாலும், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர் மீண்டும் அந்த வரிசையில் நிற்பது நடைமுறையில் கடினம். வேலையை விடாமல் படிக்க விரும்புகிறவருக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு யாழ்ப்பாணத்திலும் பிராந்திய நிலையம் உண்டு. இப்படிப் பட்டம் பெற்றவர்கள் நுழைவுப் பரீட்சை இல்லாமல் சட்டக் கல்லூரியில் பதியலாம். பதிந்துவிட்டதால் கல்லூரியின் சொந்தப் பரீட்சைகளிலிருந்து தப்பிவிட்டோம் என்று எண்ணக்கூடாது.

வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை இங்கிருந்தே படிப்பிக்கும் தனியார் நிலையங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. அத்தகைய ஒன்றில் நான் முதலாம் தவணைக் கட்டணத்தைக் கட்டினேன். "எங்கடை பட்டத்தோடை நேரே லோ கொலிஜ் போகலாம்" என்று வரவேற்பு மேசையில் இருந்தவர் சிரித்தபடி சொன்னார். நான் நினைத்ததுபோல் நேரே போக முடியாது என்று ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கட்டிய பணம் திரும்பவில்லை. வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்கும் விதிகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. ஆகவே பணம் கட்டமுன்னர் சட்டக் கல்லூரிக்கே கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் பெற்றுக் கோவையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத்தில் போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் செறிவை நம்பாமல் தாமே நியமித்துப் பார்ப்பவர்கள், கட்டணம் கட்டும்போது மட்டும் வாய்ச்சொல்லை நம்பிவிடுகிறோம்.

மூன்றாவது படி: மொழி, பணம், இருப்பிடம்

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. அதைக் கேட்டு ஆறுதலடைந்து ஆங்கிலத்தை ஒதுக்கிவிடாதீர்கள். 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆம் திருத்தத்துக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ். யாழ்ப்பாணத்திலும் மல்லாகத்திலும் பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் ஊர்காவற்றுறையிலும் தமிழிலேயே வழக்கு நடக்கும். ஆனால் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் கொழும்பில். அங்கே எடுத்துக்காட்டப்படும் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். உங்களுக்கு வரும் பொலிஸ் கோவையின் பாதி சிங்களத்தில் இருக்கக்கூடும். மூன்று மொழியும் தெரிந்த அரச சட்டவாதிக்கு எந்த மாவட்டத்திலும் வேலை உண்டு. சிங்களத்தைப் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, கையெழுத்தில் எழுதப்பட்ட பொலிஸ் வாக்குமூலத்தை வாசிக்கவும் பழக வேண்டும்.

இருப்பிடத்துக்கு வெள்ளவத்தையை எல்லோரும் சொல்வார்கள். கொட்டாஞ்சேனையில் அறை எடுத்தால் புதுக்கடைக்கு நடந்தே போகலாம். பேருந்துக்காசு மிச்சம், காலையில் நித்திரையும் மிச்சம்.

மூன்று ஆண்டுப் படிப்பு, அதன் பின் சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதப் பயிற்சி, பின்னர் உச்ச நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். இக்காலத்தில் வருமானம் இராது என்றே கணக்குப் போடுங்கள். விஞ்ஞானப் பட்டதாரிக்கு மற்றவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு: உயர்தர இரசாயனவியல், பௌதிகவியல் வகுப்புக்கு எந்த ஊரிலும் மாணவர் கிடைப்பர். சனி, ஞாயிறு வகுப்புகளால்தான் என் வாடகை கழிந்தது.

நான்காவது படி: எண்பிப்பு (நிரூபணம்) என்ற சொல்லைத் திரும்பப் படித்தல்

பாடங்களில் எதுவும் விஞ்ஞானம் படித்தவருக்கு விளங்காத அளவுக்குக் கடினமில்லை. உரோம டச்சுச் சட்டத்தையும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையையும் முதன்முதலாகப் படிக்கும்போது தலை சுற்றினாலும், தேசவழமையில் ஆதனம் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) எனப் பிரிவதைச் சேர்வைகளின் வகைப்படுத்தல்போல் எடுத்துக்கொண்டால் ஒரு கிழமையில் பிடிபட்டுவிடும். மனதைத் திருப்புவதற்குத்தான் காலம் எடுக்கும்.

ஆய்வுகூடத்தில் விடை சரியில்லையென்றால் பரிசோதனையைத் திரும்பச் செய்யலாம். இன்று முடிவு சொல்ல இயலாதென்றால் "மேலும் ஆய்வு தேவை" என்று எழுதி அறிக்கையை முடிக்கலாம். நீதிமன்றத்தில் நிகழ்ச்சி ஒருமுறைதான் நடந்தது. அதைத் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. இருக்கிற சான்றை வைத்து நீதிபதி ஒரு முடிவு சொல்லியே ஆகவேண்டும். உங்களுக்கு உண்மையென்று தெரிந்த ஒரு விடயம் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி ஏற்கத்தகாததாக இருந்தால், அது அந்த அறைக்குள் இல்லாத ஒன்று. என்னைப் பொறுத்தவரை இதைச் சீரணிக்க இரண்டு வருடம் ஆயிற்று. பயிற்சிக் காலத்தில் நான் எழுதிய முதல் எழுத்துமூலச் சமர்ப்பணத்தைச் சிரேஷ்டர் மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, இது லாப் ரிப்போட். நீதவானுக்கு என்ன வேணும் எண்டு இதிலை ஒரு இடத்திலையும் இல்லையே" என்றார். தரவுகளைத் தந்து முடிவை இறுதிப் பந்தியில் வைத்திருந்தேன். கேட்கும் கட்டளையை முதல் வரியிலும் காரணத்தை அதன் கீழும் எழுதும்படி சொல்லி, நான்கு முறை திருப்பி எழுதவைத்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் அபிப்பிராயத்தைச் சான்றாக அனுமதிக்கிறது. 51ஆம் பிரிவு அந்த அபிப்பிராயம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்க இடம் தருகிறது. மற்றவர்கள் 45ஐ மனப்பாடம் செய்து 51ஐக் கடந்து போய்விடுவார்கள். விஞ்ஞானம் படித்தவர் தன் வாழ்நாள் முழுவதையும் 51இல் கழிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. போதைப்பொருள் வழக்குகளுக்கான 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டபோது, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுட் சிறை என்ற நிலை வந்தது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமினுக்கு 5 கிராம் என்று எல்லை வைத்தது. இப்போது ஒரு கோவை உங்கள் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸார் நிறுத்தபோது மண்ணிறத் தூள் 11 கிராம். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையிலோ தூய ஹெரோயின் 2.04 கிராம். தண்டனையைத் தீர்மானிப்பது தூளின் நிறையன்று, அதற்குள் இருக்கும் தூய பொருளின் நிறை. அந்த 2.04இன் பின்னால் வழுவின் எல்லை எவ்வளவு? தூள் முழுவதும் ஒருசீராகக் கலந்திருந்ததா, எத்தனை இடத்திலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது? எல்லைக்கு மேலே நிற்பது 0.04 கிராம். ஒரு மனிதரின் மிகுதி ஆயுள் அந்த இரண்டாம் தசம தானத்தில் தொங்குகிறது. கலைப்பட்டதாரியான என் சகபாடிகள் அந்த எண்ணைப் பார்த்து "இரண்டுக்கு மேலே" என்று குறித்துவிட்டுப் போனதைக் கண்டிருக்கிறேன். நானும் நீங்களும் அப்படிக் கடந்து போக முடியாது, போகவும் கூடாது. அரச சட்டவாதியின் கடமை எப்படியாவது எதிரியை, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரை, தண்டிக்கச் செய்வதன்று. எதிரிக்குச் சாதகமாக அந்த அறிக்கையில் ஏதாவது இருந்தால், அதை முதலில் கண்டு மன்றுக்குச் சொல்லவேண்டியவர் அவரே.

ஐந்தாவது படி: பட்டத்தை மூடிவைக்காதிருத்தல்

சட்டம் படிக்கும் ஆண்டுகளில் விஞ்ஞானத்தை முழுதாக விட்டுவிடுகிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள். வடக்கில் அது எங்கெல்லாம் தேவைப்படுகிறது என்று பாருங்கள். சுன்னாகம் அனல் மின்னிலையப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டக் கிணறுகளில் கலந்ததாகத் தொடரப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பளித்து, மின்னுற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று கட்டளையிட்டது. அவ்வழக்கில் நீதிமன்றத்தின் முன் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அறிவியல் அறிக்கைகள் இருந்தன. குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதனூடே நீர் ஆற்றுமணலில் ஊறுவதுபோல் மெதுவாக ஊறாமல் ஓடிவிடும் என்பதும், ஆகவே ஒரு வளவுக் கிணற்றில் எண்ணெய் மணக்க அடுத்த வளவில் மணக்காதிருக்கலாம் என்பதும் தெரிந்த ஒருவர்தான் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துச் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

மன்னார் சதொச வளாகத்து மனிதப் புதைகுழியில் தோண்டியெடுக்கப்பட்ட எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அனுப்பப்பட்டு, அவை கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்ற காபன் காலக்கணிப்பு 2019இல் வந்தபோது, காணாமற்போனோரின் உறவினர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்க, மாதிரி எந்தெந்த எலும்புகளிலிருந்து எடுக்கப்பட்டது, கடலுணவை அதிகம் உண்டோரின் எலும்பு உண்மையிலும் பழையதாகக் காட்டக்கூடும் என்பது கணக்கில் எடுக்கப்பட்டதா என்று கேட்கத் தெரிந்த சட்டத்தரணிகள் எத்தனை பேர் இங்கே இருந்தார்கள்? 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் மனிதப் புதைகுழி அகழ்வு தொடங்கியபோதும் என் மனதில் இதே கேள்விதான் எழுந்தது.

ஆறாவது படி: விண்ணப்பம்

இதில் சொல்ல அதிகமில்லை. அரச சட்டவாதி வெற்றிடங்களுக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும். வெள்ளிதோறும் வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கத்தைச் சட்டக் கல்லூரியின் இறுதி ஆண்டிலேயே தொடங்குங்கள். அறிவித்தலிலுள்ள வயதெல்லையை முதலில் வாசியுங்கள். விஞ்ஞானப் பட்டமும் அதன்பின் வேலையும் முடித்து வருகிறவருக்கு எதிரி அந்த எல்லைதான். எனவே ஆய்வுகூடத்தில் இன்னுமொரு வருடம் இருப்போமா என்று தயங்குகிறவர் விரல்விட்டு ஆண்டுகளை எண்ணிப் பார்க்கவேண்டும். இடைக்காலத்தில் குற்றவியல் வழக்குகள் அதிகம் உள்ள ஒரு சிரேஷ்டரிடம் சேர்ந்து, நீதவான் நீதிமன்றத்திலும் மேல் நீதிமன்றத்திலும் நாளாந்தம் நில்லுங்கள். நேர்முகத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கு அங்கே நின்ற காலே விடை சொல்லும். "விஞ்ஞானத்தை விட்டு ஏன் வந்தீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். விடவில்லை என்று சொல்லி, நீங்கள் நேரில் கண்ட ஒரு வழக்கில் ஒரு பகுப்பாய்வு அறிக்கை எப்படி வாசிக்கப்பட்டது, எப்படி வாசிக்கப்பட்டிருக்கலாம் என்று இரண்டு நிமிடத்தில் விளக்குங்கள்.

ஏழாவது படி: முதல் நிபுணர் சாட்சி

பதவி கிடைத்து, வெளிமாவட்ட மேல் நீதிமன்றம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட பின், பகுப்பாய்வாளர் கொழும்பிலிருந்து இரவுப் பயணமாக வந்து காலை எட்டரைக்கு உங்கள் அறை வாசலில் நிற்பார். மன்று ஒன்பதரைக்குக் கூடும். கிடைப்பது ஒரு மணித்தியாலம். அவருக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்துவிட்டு இவற்றைக் கேளுங்கள்: பொதி அவருடைய கைக்கு வந்தபோது அரக்கு முத்திரை உடையாமல் இருந்ததா, அதன்மேல் எதிரியின் பெருவிரல் அடையாளம் தெரிந்ததா, பொலிஸ் நிலையத்தில் சான்றுப்பொருளுக்கு இடப்பட்ட பி.ஆர். எனப்படும் பதிவு இலக்கமும் அவருடைய பதிவேட்டிலுள்ள இலக்கமும் ஒன்றுதானா, கைப்பற்றப்பட்ட நாளுக்கும் ஒப்படைத்த நாளுக்கும் இடையில் பொதி யார் யார் பொறுப்பில் இருந்தது, நிறுத்த தராசு கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது. இரண்டாவது பகுப்பாய்வாளர் எவராவது பார்த்தாரா என்பதையும் கேளுங்கள். அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு சாட்சிக்கூண்டில் ஏறவிடாதீர்கள். ஆய்வுகூடக் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறாரா என்று பாருங்கள். கொண்டுவரவில்லையென்றால், எதிரி தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் முதலில் கேட்பது அதையாகத்தான் இருக்கும். அழைப்பாணை அனுப்பும்போதே புத்தகத்தையும் எடுத்துவரும்படி எழுதிவிடுங்கள். முதல் வழக்கில் நான் அதை எழுத மறந்து, பகுப்பாய்வாளர் இன்னொரு தவணைக்கு மறுபடியும் நானூறு கிலோமீற்றர் வந்துபோக நேர்ந்தது. இரண்டாம் முறை வந்தபோது புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்குமுன் என்னைப் பார்த்து, "மிஸ், நீங்களும் கெமிஸ்ட்ரிதானே?" என்று மட்டும் கேட்டார்.